பிரயோஜனமில்லாத ஓர் எண்ணின் கதை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல். ஏழாம் வகுப்பு முடித்திருந்த என் பேத்தி அவள் அப்பாவின் கம்ப்யூட்டரில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று குரல் கொடுத்தாள்.

"தாத்தா, இங்கே வாங்களேன். என் காசு ஏறவே மாட்டேங்குது!"

போய்ப் பார்த்தேன். காசு சேர்க்கும் விளையாட்டு. சேர்த்த காசை இரட்டிப்பாக்க ஏதோ குறுக்கு வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஆயிரம் லட்சமாகி, லட்சம் கோடியாகி, ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது. திரையில் இருந்த எண் 2147483647. அதற்கு மேல் ஒரு காசு கூட ஏறவில்லை.

"ஏன் தாத்தா இந்த நம்பர்லயே நிக்குது? நூறு கோடின்னோ ஆயிரம் கோடின்னோ முழுசா நிக்கக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த அறையிலிருந்து என் மகனின் குரல் வந்தது. "அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பிரயோஜனம்? பரீட்சைக்கு வருமா? மூடி வச்சுட்டுக் கணக்குப் புஸ்தகத்தை எடு."

குழந்தை முகம் வாடி எழுந்து போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் முதன்முதலில் கேட்டவன் என் மகன் அல்ல, நான்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த எண்ணின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே எண்ணைப் பற்றி ஒரு பெரிய கணித ஆசிரியரும் "பிரயோஜனமில்லை" என்றுதான் எழுதிவைத்தார்!

நெல்மணிகளும் விளக்குகளும்

சதுரங்கப் பலகை நெல்மணிக் கதையை நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். முதல் கட்டத்தில் 1 மணி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4, நான்காவதில் 8 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். இதில் ஒரு விந்தை உண்டு. எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும், அதுவரை வைத்த மணிகளின் கூட்டுத்தொகை அடுத்த கட்டத்துக்குரிய மணிகளைவிட ஒன்று குறைவாக இருக்கும். 1+2+4 = 7; அடுத்த கட்டம் 8. 1+2+4+8 = 15; அடுத்தது 16. இப்படி 31 கட்டங்களை நிரப்பிக் கூட்டினால் வருவது 2147483647. நம் முறையில் சொன்னால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் எண்ணுகிறது. அதற்குத் தெரிந்தது விளக்கு எரிவதும் அணைவதும் மட்டுமே. வரிசையாக 32 விளக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்கு, எண் கூட்டலா கழித்தலா என்று காட்டுவதற்கு. மீதி 31 விளக்குகளும் 1, 2, 4, 8 என்ற மதிப்புள்ளவை. 31-ம் எரிந்தால் கிடைப்பதுதான் அந்த எண். அதற்கு மேல் எரிய விளக்கு இல்லை. ஆகவே என் பேத்தியின் காசு அங்கே நின்றது. பல ஆண்டுகள் உலகத்தின் பெரும்பான்மைக் கம்ப்யூட்டர் நிரல்களில் முழு எண்களுக்கு இதுதான் எல்லைக்கல்லாக இருந்தது.

இத்துடன் விஷயம் முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இந்த எண்ணுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. இது ஒரு பகா எண். அதாவது 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது. இங்கே படிக்கும் நம் பிள்ளைகள் இதை ப்ரைம் நம்பர் என்றும், இந்திப் பாடப் புத்தகத்தில் அபாஜ்ய சங்க்யா என்றும் படிக்கிறார்கள். 2, 3, 5, 7, 11, 13 போன்றவை.

பாதிரியாரின் பட்டியல்

இரட்டித்துக் கூட்டிய எண்களில் சில பகா எண்களாக அமைவது பழங்காலத்திலேயே தெரியும். 2 கட்டங்கள்: 3. 3 கட்டங்கள்: 7. 5 கட்டங்கள்: 31. 7 கட்டங்கள்: 127. எல்லாம் பகா எண்கள். கட்டங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால்தான் கூட்டுத்தொகையும் பகா எண்ணாக இருக்க முடியும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான். 11 கட்டங்களின் கூட்டுத்தொகை 2047. அது 23 × 89 என்று உடைந்துவிடுகிறது.

இத்தாலியரான கட்டால்டி 1588-இல் 19 கட்டங்களின் கூட்டுத்தொகையான 524287 ஒரு பகா எண் என்று நிரூபித்தார். எப்படி? 724-க்கு உட்பட்ட 128 பகா எண்களாலும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார். 724-உடன் ஏன் நிறுத்தினார் என்றால், அதுதான் ஏறக்குறைய 524287-இன் வர்க்கமூலம். ஓர் எண் இரண்டாக உடைந்தால் சிறிய துண்டு வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது அல்லவா?

1644-இல் பாரிஸ் நகரத்துப் பாதிரியார் மாரன் மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். எத்தனை கட்டங்களுக்குப் பகா எண் வரும் என்று 257 வரை சொன்ன பட்டியல் அது. அதில் 31 இருந்தது. பிற்காலத்தில் சரிபார்த்தபோது அவர் சேர்த்த 67-ம் 257-ம் தவறு என்றும், 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார் என்றும் தெரிந்தது. தவறு இருந்தாலும் கேள்வியைக் கிளப்பியவர் என்பதால், இவ்வகைப் பகா எண்களுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

பார்வை இழந்தவர் கண்ட வழி

31 சரிதானா? கட்டால்டியின் வழியில் போனால், இந்த எண்ணின் வர்க்கமூலம் 46340 சொச்சம். அதற்குள் இருக்கும் பகா எண்கள் 4,800-க்குச் சற்றுக் குறைவு. அத்தனையாலும் பத்து இலக்க எண்ணைக் கையால் வகுக்க வேண்டும்.

இதைத் தீர்த்தவர் லெயன்ஹார்ட் ஆய்லர். ஆண்டு 1772, ஊர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க். அப்போது அவருக்கு வயது 65. ஒரு கண் இளமையிலேயே போய்விட்டது. மறு கண்ணில் புரை விழுந்து, அறுவைச் சிகிச்சையும் பலிக்காமல், ஏறக்குறைய முழுக் குருடாகிவிட்டார். 1771-இல் ஊரில் பற்றிய தீயில் வீடும் எரிந்தது. அந்த நிலையில், மனத்திலேயே கணக்குப் போட்டு உதவியாளர்களைக் கொண்டு எழுதவைத்தார். 2147483647 பகா எண்தான் என்ற செய்தியை அந்த ஆண்டு பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார்.

4,800 வகுத்தலை அவர் எப்படித் தவிர்த்தார் என்பதுதான் சுவையான பகுதி. ரயில்வேக்காரன் முறையில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஷன். நம் எண், 31 முறை இரட்டித்ததில் ஒன்று குறைவு. ஆகவே 31 ஸ்டேஷன் தாண்டியதும் வண்டி புறப்பட்ட இடத்துக்கே, அதாவது மீதி 1-க்கே, வந்து சேரும். இது 31 ஸ்டேஷன்கள் கொண்ட ஒரு வட்டப் பாதை. 31 பகா எண் என்பதால் நடுவில் குறுக்குச் சுற்று எதுவும் கிடையாது.

பெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1640-லேயே கண்ட விதி ஒன்று உண்டு. எந்தப் பகா எண்ணானாலும் (2-ஐத் தவிர), அதைவிட ஒன்று குறைவான தடவை இரட்டித்தால் மீதி 1-க்குத் திரும்பியே தீரும். அப்படியானால் 31 ஸ்டேஷன் சுற்று அந்தத் தொகைக்குள் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும். அதாவது நாம் தேடும் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 31-ஆல் வகுபட வேண்டும். அது ஒற்றை எண் என்பதால் 62-ஆலேயே வகுபடும். இன்னொரு விதிப்படி, அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7-தான் வர வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே தேறும். மற்ற அத்தனையும் விசாரணைக்கே வரத் தேவையில்லை!

46340 வரை இப்படிப்பட்ட எண்கள் மொத்தம் 372 என்று கணக்கு வைக்கலாம். அவற்றிலும் பகா எண்களாக இருப்பவை சுமார் 80. முதலில் சோதிக்க வேண்டியது 311 (248 + 63). நம் எண்ணை 311-ஆல் வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303. மீதி 226. இப்படிக் கடைசி வரை ஒன்றும் மிச்சமில்லாமல் வகுக்கவில்லை. ஆகவே பகா எண். 4,800 இருந்த இடத்தில் 80. வேலையைச் செய்யும் முன் வேலையைக் குறைக்கும் வழியைத் தேடிய அந்தப் பெரியவரை நினைத்தால், பார்வை என்பது கண்ணில் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

முக்கால் நூற்றாண்டுக்கு மேல் மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இதுவே இருந்தது.

பார்லோவின் தீர்ப்பு

1811-இல் இங்கிலாந்தில் பீட்டர் பார்லோ என்ற கணித ஆசிரியர் எண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் 'நிறைவு எண்'கள் பற்றிப் பேசுகிறார். 6-ஐ வகுக்கும் எண்கள் 1, 2, 3, கூட்டினால் 6. 28-ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இவைதான் நிறைவு எண்கள். மெர்சென் வகைப் பகா எண் ஒன்று கிடைத்தால் ஒரு நிறைவு எண்ணும் கூடவே கிடைக்கும் என்பது யூக்ளிட் காலத்துச் சூத்திரம். ஆய்லரின் பகா எண்ணிலிருந்து கிடைப்பது 2305843008139952128.

பார்லோ என்ன சொன்னார் தெரியுமா? கண்டுபிடிக்கப்படப் போகும் நிறைவு எண்களில் இதுவே கடைசிப் பெரிய எண் என்றார். இவை வேடிக்கையானவையே தவிரப் பயனுள்ளவை அல்ல. ஆகவே இதற்கு மேல் ஒருவரும் தேட முயல மாட்டார்கள் என்பது அவர் கருத்து. பார்லோ சாதாரணமானவர் அல்ல. அவர் தயாரித்த கணித அட்டவணைகளைப் பொறியாளர்கள் ஒன்றரை நூற்றாண்டு காலம் பயன்படுத்தினார்கள். விவரம் தெரிந்தவர்தான் சொன்னார். இருந்தும் தவறிப்போனார்.

தேடல் நிற்கவில்லை. 1876-இல் பிரான்சின் எத்வார் லூக்கா, 127 கட்டங்களின் கூட்டுத்தொகையான 39 இலக்க எண் பகா எண் என்று கையாலேயே நிரூபித்தார். அவர் தொடங்கி, பின்னால் லேமர் சீர்செய்த சோதனை மிக எளிது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். கட்டங்களின் எண்ணிக்கையில் இரண்டு குறைவான தடவை இதைச் செய்து மீதி 0 வந்தால் பகா எண்; வராவிட்டால் இல்லை. 5 கட்டங்களுக்கு (31) செய்து பாருங்கள். 4, அடுத்து 14, அடுத்து 194, அதன் மீதி 8, அடுத்து 62, அதன் மீதி 0. மூன்றே படிகள்! ஆய்லரின் எண்ணுக்கு 29 படிகள் போதும்.

இன்றும் தேடுகிறார்கள். 1996-இல் தொடங்கிய ஓர் உலகளாவிய கூட்டு முயற்சியில், ஆர்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களின் ஓய்வு நேரத்தை இதற்குக் கொடுக்கிறார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கரான லூக் டுரான்ட் கண்டது 136279841 கட்டங்களின் கூட்டுத்தொகை. அது 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. பக்கத்துக்கு 3,000 இலக்கம் அச்சிட்டாலும் 13,600 பக்கங்களுக்கு மேல் ஆகும். நம் இதழ் தாங்காது!

இந்தியாவுக்கும் இந்தத் துறையில் பெருமை உண்டு. எந்த எண்ணானாலும் அது பகா எண்தானா என்பதை, எண் பெரிதாகும்போது வேலை கட்டுமீறிப் போகாமல், சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லும் வழியை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மூவர் வெளியிட்டார்கள். பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் அவர்கள். நிரூபணம் சில பக்கங்கள்தான். உலகமே திரும்பிப் பார்த்தது.

பல்சக்கரமும் சீட்டுக் குலுக்கலும்

சரி, பிரயோஜனம் என்ன? பார்லோவுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

என் தொழிலிலிருந்து தொடங்குகிறேன். நான் வேலை பார்த்த டீசல் ஷெட்டில் டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்கள் வரும். மோட்டாரின் சிறு சக்கரமான பினியனுக்கு 18 பற்கள். சக்கர அச்சில் உள்ள பெரிய கியருக்கு 65 பற்கள். கணக்கு எளிதாக இருக்க 16-ம் 64-ம் என்று வைத்திருக்கலாமே? வைத்தால், பினியனின் ஒரு பல் எப்போதும் கியரின் அதே நான்கு பற்களோடுதான் உரசிக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் குறை இருந்தால் அந்த நான்கையும் சீக்கிரம் தின்றுவிடும். 18-க்கும் 65-க்கும் பொதுவான வகு எண் கிடையாது. ஆகவே ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்த பிறகுதான் பழைய ஜோடி மறுபடி சேரும். தேய்மானம் சமமாகப் பரவும். எண்ணின் குணம் இரும்பின் ஆயுளைக் கூட்டுகிறது!

இதே தத்துவம்தான் கம்ப்யூட்டரில் சீட்டுக் குலுக்கவும் உதவுகிறது. கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யுமே தவிர, தானாகக் குலுக்காது. ஆகவே ஒரு கணக்கை வைத்து எண்களைத் தாறுமாறாக வரவழைப்பார்கள். சின்ன உதாரணம்: 1-இல் தொடங்கி 3-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்து மீதி எடுங்கள். 1, 3, 2, 6, 4, 5, பிறகு மறுபடி 1. ஆறு எண்களும் ஒரு தடவை வந்த பிறகே திரும்புகிறது. 7-க்குப் பதில் 8 வைத்தால்? 1, 3, 1, 3... இரண்டே எண்களில் மாட்டிக்கொள்கிறது. 7 பகா எண் என்பதும், பெருக்கும் எண்ணைப் பார்த்துத் தேர்ந்ததும்தான் முழுச் சுற்றைத் தருகின்றன.

7-இன் இடத்தில் ஆய்லரின் 2147483647-ஐயும், 3-இன் இடத்தில் 16807-ஐயும் வையுங்கள். 1, 16807, 282475249, 1622650073 என்று எண்கள் குதித்துக் குதித்து வரும். இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்ச எண்களும் ஒவ்வொரு தடவை வந்த பிறகுதான் முதல் எண் திரும்பும். 1969-இல் ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களுக்காக இதை எழுதினார்கள். பார்க், மில்லர் என்ற இருவர் 1988-இல் இதையே குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்தார்கள். 2011-இல் வந்த சி ப்ளஸ் ப்ளஸ் மொழித் தரத்திலும் இது இடம்பெற்றது. ரகசியம் காக்க இது போதாது. ஆனால் சோதனைக் கணக்குகளுக்கும் விளையாட்டுகளுக்கும் நெடுங்காலம் உழைத்தது. இங்கே கவனியுங்கள்: இந்த எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்த முழுச் சுற்று கிடைத்திருக்காது. கம்ப்யூட்டரின் 31 விளக்குகளுக்குள் அடங்கும் எண்களில் மிகப் பெரியதே பகா எண்ணாகவும் அமைந்தது நாம் செய்த அதிர்ஷ்டம். அது பகா எண் என்ற நிரூபணமோ, கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே, பார்வையற்ற ஒரு பெரியவர் எழுதிவைத்த கடிதத்தில் காத்திருந்தது.

2038-ஆம் ஆண்டுக் காலை

இந்த எண் எல்லைக்கல்லாக இருப்பதில் ஆபத்தும் உண்டு. எல்லை தாண்டினால் பேத்தியின் விளையாட்டைப் போல் எல்லாக் கம்ப்யூட்டரும் சாதுவாக நின்றுவிடுவதில்லை. பழைய காரின் கிலோமீட்டர் மானி 99999-க்குப் பிறகு 00000-க்குப் போவதைப் போல, பல நிரல்களில் எண் சட்டென்று பாதாளத்துக்குப் போய்விடும்: கழித்தல் 2147483648!

2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' என்ற கொரியப் பாட்டு யூட்யூபில் இந்த எண்ணைத் தாண்டியது; பார்வைகளை எண்ணும் முறையையே அவர்கள் பெரிதாக்க வேண்டியிருந்தது. அது வேடிக்கை. 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கை வேடிக்கை அல்ல. போயிங் 787 விமானத்தின் மின்சாரத்தை 248 நாட்கள் தொடர்ந்து அணைக்காமல் வைத்தால், ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வேலையை நிறுத்திவிடக்கூடும் என்றது. ஒரு வினாடியை நூறாகப் பிரித்து எண்ணினால் நம் எண் நிரம்ப எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 248 நாளும் சொச்சமும் வருகிறது. ஆய்லரின் 248 இங்கே மறுபடி தலைகாட்டுவது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்தது காலக் கணக்கு. ஏராளமான கம்ப்யூட்டர்கள் தேதியை, 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கடந்த வினாடிகளாகத்தான் வைத்திருக்கின்றன. 31 விளக்குகளில் எண்ணினால் அந்தக் கணக்கு நிரம்பும் நாள் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நாட்டு நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. அடுத்த வினாடி, திருத்தப்படாத கம்ப்யூட்டருக்கு 1901 டிசம்பர் ஆகிவிடும்!

பயப்படத் தேவையில்லை. புதிய கம்ப்யூட்டர்களும் போன்களும் 64 விளக்குகளுக்கு மாறிவிட்டன. பழைய வகைக் கருவிகளுக்கும் வழி செய்து லினக்ஸ் 2020-இல் திருத்தப்பட்டது. எனக்குக் கவலை, சுவருக்குள்ளும் பெட்டிக்குள்ளும் மறந்துபோய் உட்கார்ந்திருக்கும் கருவிகளைப் பற்றித்தான். முப்பது வருஷம் உழைக்க வேண்டும் என்று வாங்கிய சாமான் முப்பது வருஷமும் உழைக்கும் என்பது எங்கள் அனுபவம். அதற்குள் அதை மாட்டியவர் ஓய்வு பெற்றிருப்பார், வரைபடம் கிடைக்காது. ஆகவே தொழிற்சாலைகளிலும் மின்சாரத் துறையிலும் பணிபுரியும் நம் சங்கத்து இளைஞர்கள், தங்கள் பொறுப்பில் உள்ள பழைய கருவிகளின் பட்டியலை இப்போதே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

புதிய எல்லை, சதுரங்கப் பலகையின் 63 கட்டங்கள். அதில் வினாடிகளை எண்ணினால் 29,200 கோடி ஆண்டுகள் தாங்கும். ஆனால் அந்த எண் பகா எண் அல்ல. 63 என்பது 3-ஆல் வகுபடுவதால், 63 கட்டங்களின் கூட்டுத்தொகை 3 கட்டங்களின் கூட்டுத்தொகையான 7-ஆல் வகுபட்டுவிடும். பழைய எல்லைக்கல்லின் அழகு புதியதற்கு வாய்க்கவில்லை!

பழைய நோட்டுப் புத்தகம்

கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? என் மகன் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரு நாள் அவன் கணக்கு நோட்டைப் புரட்டினால், பின்பக்கம் முழுக்கப் பகா எண்கள். இரண்டாயிரம் வரை எழுதியிருந்தான். இரவு ஷிப்ட் முடிந்து வந்த என்னிடம், "அப்பா, கடைசிப் பகா எண் எது?" என்று கேட்டான். நான் சொன்ன பதில், "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" அப்புறம் அவன் கேட்கவில்லை. அந்த நோட்டு மற்ற நோட்டுகளோடு பழைய பேப்பர்க்காரரிடம் போயிற்று. அவன் நன்றாகப் படித்தான். நல்ல வேலையிலும் இருக்கிறான். ஆனால் அந்த நோட்டைப் போல் இன்னொரு நோட்டை நான் பார்க்கவில்லை.

அன்று ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும். யூக்ளிட் சொன்ன பதில் அவனுக்குப் புரிந்திருக்கும். கடைசிப் பகா எண் என்று ஒன்று கிடையாது. உனக்குத் தெரிந்த பகா எண்களை எல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டு. 2 × 3 × 5 × 7 + 1 = 211. உன் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆகவே அது புதிய பகா எண்ணாக இருக்க வேண்டும். அல்லது உன் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் அதற்குள் ஒளிந்திருக்க வேண்டும். 2 முதல் 13 வரை உள்ளவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30031. அது 59 × 509. எந்தப் பட்டியலும் முடிவதில்லை, கண்ணா. இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும்.

வெளிமாநிலத்தில் வந்து பிழைக்கும் நமக்குப் பிள்ளைகளின் படிப்பே சொத்து. பயம் இருக்கத்தான் செய்யும். பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிப்ளமோப் பரீட்சை தேறித்தான் எனக்கும் சோறு கிடைத்தது. ஆனால் குழந்தை தானாக ஒரு கேள்வி கேட்கும்போது, பிரயோஜனக் கணக்கைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். பார்லோவுக்கே அந்தக் கணக்கு தப்பியதே!

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் பேத்தியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். 311-ஆல் அவளே வகுத்தாள். மீதி 35 வந்தது. 1303-ஆல் வகுக்கும்போது நடுவில் தப்புச் செய்துவிட்டாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மகன் எட்டிப் பார்த்து, "ஏழு இல்லடா, எட்டு போடு" என்றான். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நம் சங்கத்துக் குழந்தைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். 311, 1303 ஆகியவற்றுக்கு அடுத்து ஆய்லர் சோதித்திருக்க வேண்டிய பகா எண் எது? அதனால் 2147483647-ஐ வகுத்தால் மீதி என்ன? கால்குலேட்டர் இல்லாமல் செய்து இதழுக்கு எழுதி அனுப்புங்கள். அப்பா அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். பரீட்சைக்கு இது வராது.